மஞ்சளான எலுமிச்சை, மண்ணில் புதைந்த தூர்: ஒரு கழுத்து அழுகல் நிகழ்வு ஆய்வு

தோட்டத்து மரங்களில் இலை மஞ்சளாவதைப் போல அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி வேறில்லை. மஞ்சளைக் கண்டதும் உரம் போடுகிறார்கள், இலை சுருண்டால் பூச்சிமருந்து அடிக்கிறார்கள், வாடினால் தண்ணீர் விடுகிறார்கள். மூன்றுமே சில வேளைகளில் சரியாக அமைவதுண்டு. ஆனால் கோளாறு வேரிலோ தூரிலோ இருக்கும்போது இந்த மூன்றும் சேர்ந்துதான் மரத்தைச் சாகடிக்கின்றன.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரி நிகழ்வு. வீட்டுத் தோட்டங்களில் வழக்கமாக ஒன்றுசேர்ந்து வரும் கோளாறுகளை ஒரே எலுமிச்சை மரத்தில் வைத்து, கண்டறிதல் முதல் மீட்சி வரை வரிசையாகப் பார்க்கிறோம். அளவுகளும் முறைகளும் அப்படியே கையாளக்கூடியவை.

மரத்தின் நிலை

ஏழு வயது ஒட்டு எலுமிச்சை. உயரம் இரண்டரை மீட்டர், கிளைவிரிவு இரண்டு மீட்டர். ஐந்து ஆண்டுகள் நன்றாகக் காய்த்த மரம். பக்கத்தில் நடைபாதை போட்டபோது தோண்டிய மண்ணை மரத்தடியில் கொட்டிச் சமன் செய்து, தூரைச் சுற்றிச் செங்கல் வட்டம் கட்டியிருக்கிறார்கள். அடுத்துள்ள புல்தரைக்குத் தினமும் ஓடும் தெளிப்பானின் நீர் தண்டின் ஒரு பக்கத்தில் படுகிறது.

மண் கொட்டி ஓராண்டு கழித்து இலைகள் வெளிறத் தொடங்கின. யூரியா போட்டார்கள், சிறிது பச்சை திரும்பி மறுபடியும் வெளிறியது. நுண்ணூட்டக் கலவை தெளித்தார்கள், மாற்றமில்லை. மதியத்தில் இலை வாடுகிறது என்று தண்ணீரைக் கூட்டினார்கள். கொழுந்தில் வெள்ளிக்கோடுகள் தெரிந்ததும் பூச்சிமருந்து அடித்தார்கள். அதன்பின் மீண்டும் உரம். இப்போது இலைநுனிகள் கருகி, பாதி இலை கொட்டி, ஒரு பக்கக் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. பருவமில்லாப் பருவத்தில் பூ கொட்டுகொட்டென்று பூத்து, கோலிக்குண்டு அளவில் காய்கள் நிறையத் தொங்குகின்றன.

இந்தப் பூவைச் செழிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேரோ பட்டையோ அடிபட்டால், எலுமிச்சையும் அடங்கிய நாரத்தை இன மரங்கள் நெருக்கடியில் இப்படிப் பூப்பது வழக்கம். இலை குறைந்து பூ கூடினால் உடனே தூரைப் பார்க்க வேண்டும்.

இலை சொல்வது

எந்த இலை மஞ்சள், பழையதா புதியதா, இலையின் எந்தப் பகுதி மஞ்சள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் மருந்துப் புட்டியைத் திறக்கக் கூடாது. மரத்தின் நாலு பக்கத்திலிருந்தும் பழைய இலை, நடு இலை, கொழுந்து இலை எனப் பறித்து ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக அடுக்கிப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

தழைச்சத்துக் குறைந்தால் பழைய இலைகள் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகும். மெக்னீசியம் குறைந்தாலும் பழைய இலைதான் பாதிக்கும். ஆனால் காம்போரத்தில் மட்டும் கூம்பு வடிவில் பச்சை தங்கி, ஓரங்கள் மஞ்சளாகும். இந்த இரண்டு சத்துகளையும் மரம் பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்ப முடியும், அதனால்தான் பழையது முதலில் வெளிறுகிறது. இரும்பு அப்படி நகராது. அது குறைந்தால் கொழுந்து இலையில் நரம்பு மட்டும் மெல்லிய பச்சை வலையாக நிற்க, இடைப்பகுதி வெளிறும். துத்தநாகக் குறையில் கொழுந்து இலை சிறுத்துக் குறுகி, நரம்பை ஒட்டி அகலமான பச்சைப் பட்டையும் இடையில் மஞ்சள் திட்டும் தெரியும். மாங்கனீசு குறைந்தாலும் ஏறத்தாழ இதே தோற்றம்தான், ஆனால் இலை சிறுக்காது.

இந்த மரத்தில் இவற்றில் மூன்று ஒரே சமயத்தில் தெரிந்தன: கொழுந்தில் இரும்புக் குறையும் துத்தநாகக் குறையும், உள்பக்கப் பழைய இலைகளில் மெக்னீசியக் குறை. இவற்றோடு, காய்ந்துவரும் பக்கத்தின் முதிர்ந்த இலைகளில் நடுநரம்பும் பக்கநரம்புகளும் மஞ்சளாக, இடைப்பகுதி பச்சையாக இருந்தது. இரும்புக் குறைக்கு நேர் எதிரான தோற்றம். நோயறிவதற்கு இந்த மரத்தில் கிடைத்த மிகப் பெரிய தடயம் இதுவே. நாரத்தை இனங்களில் நரம்பு மஞ்சளாவது பெரும்பாலும் தண்டின் பட்டை எங்கோ அறுபட்டிருப்பதையோ, அழுகியிருப்பதையோ, வேர் பெருமளவு இறந்திருப்பதையோ காட்டும். பட்டை வழியாகச் சர்க்கரை வேருக்கு இறங்காமல் மேலேயே தேங்குகிறது, சர்க்கரை கிடைக்காத வேர் பட்டினியில் சத்தை உறிஞ்சும் வேலையை நிறுத்துகிறது.

மூன்று நாலு சத்துக் குறைகள் ஒன்றாகத் தெரிந்தால் மண்ணில் அத்தனையும் தீர்ந்துவிட்டன என்று முடிவுகட்ட வேண்டாம். எல்லாச் சத்தும் நுழையும் ஒரே வாசல் வேர். அந்த வாசல் அடைபட்டிருக்கிறதா என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும்.

இன்னொரு நோயை இந்தக் கட்டத்திலேயே விலக்கியாக வேண்டும். நாரத்தை இனங்களின் பசுமை நோய், சைலிட் பூச்சி பரப்பும் பாக்டீரியாவால் வருவது, குணமாகாதது. அதில் இலை திட்டுத்திட்டாக வெளிறும், நடுநரம்பின் இடப்பக்கத்துத் திட்டும் வலப்பக்கத்துத் திட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இலையின் இரு பாதியிலும் ஒரே உயரத்தில் பேனாவால் இரண்டு வட்டம் போட்டு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். காயை நெடுக்கில் வெட்டினால் ஒருபக்கம் கோணலாகவும், விதைகள் சூம்பிக் கறுத்தும் இருக்கும். சத்துக் குறைகள் நரம்பின் இருபுறமும் சமச்சீராகவே தெரியும். இந்த மரத்தில் சமச்சீர் இருந்தது, காயில் கோணல் இல்லை. சந்தேகம் மிச்சமிருந்தால் ஆய்வகச் சோதனை செய்வது நல்லது; அந்த நோய் உறுதியானால் மரத்தை அகற்றுவதே பக்கத்து மரங்களைக் காக்கும் வழி.

கொழுந்தின் வெள்ளிக்கோடுகள் இலைத்துளைப்பான் புழுவின் பாதை. பார்வைக்குப் பயங்கரம், ஆனால் வளர்ந்த மரத்துக்குப் பெரிய தீங்கில்லை. முற்றிய இலையை அது தொடாது. அதற்கு அடித்த பூச்சிமருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொன்றதுதான் கண்ட பலன். அந்த வெற்றிடத்தில் பழுப்புச் செதில் பூச்சி பெருகி, அது கழிக்கும் தேன்பிசுக்கில் கரும்பூசணம் படர்ந்து, எறும்பு வரிசை தண்டில் ஏறிக்கொண்டிருக்கிறது.

தூரைத் திறந்து பார்த்தல்

நலமான மரம் மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு சற்று அகன்று வேர்களாகப் பிரிவது கண்ணுக்குத் தெரியும். தண்டு கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்கினால் தூர் புதைந்திருக்கிறது என்று பொருள். இந்த மரத்தில் அப்படித்தான் இறங்கியது.

தோண்டுவதற்கு மண்வெட்டி வேண்டாம். களைக்கொத்தும் கையும் போதும், தண்டை ஒட்டிய இடத்தில் மரக்குச்சி போதும். 18 செ.மீ. ஆழத்தில் முதல் பக்கவேர்கள் கிடைத்தன. அதைவிட முக்கியம், ஒட்டுக்கட்டிய இடம் மண்ணுக்குள் 4 செ.மீ. கீழே இருந்தது.

இதுதான் நோயின் மூலம். கழுத்து அழுகலுக்கு, அதாவது தண்டின் அடிப்பட்டை மண்மட்டத்தில் அழுகும் நோய்க்கு, எளிதில் பலியாவது எலுமிச்சை. அதனால்தான் ஓரளவு தாங்கும் வேர்ச்செடியின் மேல் அதை ஒட்டுகிறார்கள். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேல் 15 செ.மீ. உயரத்தில் இருக்கும்வரை நோய்க்கிருமி வேர்ச்செடியின் பட்டையைத்தான் சந்திக்கும். மண்ணை ஏற்றி ஒட்டுப்பகுதியைப் புதைத்துவிட்டால் பாதுகாப்பில்லாத எலுமிச்சைப் பட்டை நேராக ஈரமண்ணில் நிற்கிறது. ஒட்டுக்கன்று வாங்கியதன் பயனே போய்விடுகிறது.

தெளிப்பான் நீர் படும் பக்கத்தில் பட்டை கறுத்து, ஈரமாக, புளித்த வாடையோடு இருந்தது. மண்மட்டத்துக்கு மேலே பட்டைப் பிளவிலிருந்து பிசின் வடிந்து உறைந்திருந்தது. எலுமிச்சைப் பிசின் நீரில் கரையக்கூடியது. மழைக்காலத்தில் தேடினால் கிடைக்காமல் போகலாம், பிசின் இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. கூரிய கத்தியால் மேல்பட்டையை லேசாகச் சீவியபோது நலமான இடம் பச்சையும் வெண்மையும் கலந்து ஈரப்பளபளப்பாகவும், நோயுற்ற இடம் பழுப்பாகவும் தெளிவான எல்லையோடு தெரிந்தன. அடியிலுள்ள கட்டையில் நிறமாற்றம் ஆழமாகப் போகவில்லை. பட்டையையும் அதனடி வளர்படலத்தையும் தின்று கட்டையை விட்டுவைப்பது, கழுத்து அழுகலை உண்டாக்கும் கிருமியான பைட்டாப்தோராவின் இயல்பு.

தண்டின் சுற்றளவு 34 செ.மீ., அழுகிய அகலம் 12 செ.மீ. அதாவது மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. பாதிக்கும் குறைவாக அழுகியிருந்தால் காப்பாற்ற முயலலாம். பாதியைத் தாண்டினால் மரம் மீள்வது கடினம், புதுக்கன்று நடுவதுதான் மேல்.

பட்டை கெட்டிருப்பதாலேயே பைட்டாப்தோரா என்று முத்திரை குத்தக் கூடாது. பட்டைக்கடியில் வெள்ளை விசிறிபோலப் பூசணம் படர்ந்து காளான் வாடை வந்தால் அது ஆர்மிலேரியா. தண்டடியில் தட்டுத்தட்டான காளான் முளைத்திருந்தால் கட்டையையே தின்னும் பூசணம். மண்குழாயோ துளையோ தூளோ இருந்தால் கரையான் அல்லது துளைப்பான். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு தண்டைச் சுற்றிப் பட்டையை உரித்திருந்தாலும் இலை இதேபோலத்தான் வெளிறும். வீட்டுத் தோட்டங்களில் அதை மறந்துவிடுகிறார்கள். தண்டை நெரிக்கும் சுற்றுவேர் இருக்கிறதா என்றும் அந்தக் குழியிலேயே பார்த்துவிட வேண்டும்.

சல்லிவேரும் மண்ணும்

உச்சிவெயிலில் கிளையின் நிழல் விழும் விளிம்பில் மூன்று இடங்களில் 25 செ.மீ. ஆழத்துக்குச் சிறு குழி எடுத்துச் சல்லிவேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெளிர்மஞ்சளாக, உறுதியாக இருக்கும். கெட்ட வேரை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து, நடுநரம்பு நூல்போல மிஞ்சும். செங்கல் வட்டத்தின் பக்கத்துக் குழியில் பெரும்பாலும் நூல்தான் இருந்தது. எதிர்ப்பக்கக் குழியில் பாதிக்குமேல் நல்ல வேர். கழுவியும் மண் போகாமல் வேர் அழுக்காகவே, தடித்துத் தெரிந்தால் நூற்புழுவைச் சந்தேகிக்கலாம்; இங்கே அப்படி இல்லை.

வடிகால் சோதனை எளிது, ஆனால் பெரும்பாலோர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். 30 செ.மீ. அகலமும் ஆழமும் உள்ள குழி எடுத்து நீர் நிரப்பி முழுதாக வடியவிட வேண்டும். இது மண்ணை ஊறவைப்பதற்கு மட்டுமே. இரண்டாம் முறை நிரப்பித்தான் அளக்க வேண்டும். மணிக்கு 2.5 செ.மீ. முதல் 7.5 செ.மீ. வரை இறங்கினால் நல்லது. 2.5-க்குக் குறைந்தால் எலுமிச்சைக்கு ஆகாது. இங்கே மணிக்கு 1 செ.மீ.தான் இறங்கியது. அடிமண் அழுகிய முட்டை வாடை வீசியது, காற்றே இல்லாத மண்ணின் வாடை அது. மண்ணின் கார அமில நிலை 7.9.

எண்களைச் சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகிறது. பைட்டாப்தோரா உண்மையான பூசணம் அன்று, பாசிகளுக்கு நெருங்கிய நீர்ப்பூசண வகை. அதன் இயங்குவித்துகள் மண் நீரில் நீந்தி வேர் நுனியையும் பட்டைக் காயத்தையும் தேடிப் போகும். மண் நீரால் நிரம்பி நிற்கும் ஒவ்வொரு முறையும் புதிய தொற்றுக்கு வாய்ப்பு. மண் காய்ந்து காற்றோடினால் நீந்த வழியில்லை. தினமும் தெளிப்பான் ஓடுகிற, நீர் வடியாத களிமண்ணில் ஒருநாள்கூட அந்த வாய்ப்பு மூடப்படவில்லை. இதே ஈரமும் 7.9 என்ற காரநிலையும் சேர்ந்து இரும்பையும் துத்தநாகத்தையும் வேருக்கு எட்டாமல் செய்துவிட்டன. மண்ணில் சத்து இருந்தும் மரம் பட்டினி.

உறுதி செய்ய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவதானால் அழுகலின் நடுவிலிருந்து எடுக்கக் கூடாது. அங்கே நோய்க்கிருமி செத்து, செத்ததைத் தின்னும் மட்குண்ணிகள் குடியேறியிருக்கும். பழுப்பும் பச்சையும் சந்திக்கும் எல்லையில் இரு பகுதியும் இருக்கும்படி பட்டைத்துண்டும், ஈரமண்ணோடு சல்லிவேரும் எடுத்து நெகிழிப் பையில் கட்டி, வெயில் படாமல் கொடுக்க வேண்டும். வீட்டிலேயே ஒரு முன்சோதனை செய்யலாம்: சந்தேக மண்ணை வாளியில் போட்டு மேலே சில செ.மீ. நிற்குமாறு நீர் ஊற்றி, பழுக்காத பச்சைப் பேரிக்காயைப் பாதி மூழ்கும்படி வைத்தால், சில நாளில் நீர்மட்டத்தருகே கெட்டியான பழுப்புப் புள்ளிகள் வரும். பைட்டாப்தோராவோ அதன் உறவான பித்தியமோ மண்ணில் இருப்பதற்கு அது அடையாளம், முடிவான சான்று அன்று.

சிகிச்சை: முதலில் நீர், கடைசியில் உரம்

வரிசை மாறினால் பலன் மாறும். நீரைத் திருத்தாமல் மருந்து ஊற்றினால் மருந்து தீர்ந்ததும் நோய் திரும்பும். வேர் திரும்பாமல் உரம் போட்டால் உப்பு ஏறி மிச்ச வேரும் கருகும். இந்த மரத்தில் இலைநுனி கருகியது அப்படித்தான்.

செங்கல் வட்டம் முழுவதும் எடுக்கப்பட்டது. தண்டிலிருந்து 80 செ.மீ. தொலைவுக்குள் ஏற்றிய மண்ணைக் கையால் வாரி, முதல் பக்கவேர்களின் முதுகு தெரியும்வரை இறக்கினார்கள். தண்டடி உயர்ந்தும் வெளிப்பக்கம் சரிந்தும் இருக்க வேண்டும். தண்டைச் சுற்றிப் பள்ளம் விட்டால் மழைநீர் அங்கேயே தேங்கும்; பள்ளம் தவிர்க்க முடியாதபோது ஒரு பக்கம் சரிவான வடிகால் வாய்க்கால் வெட்டியே ஆக வேண்டும். பள்ளத்தில் மணலோ சரளையோ கொட்டி நிரப்புவது தீர்வு ஆகாது, களிமண்ணுக்கு நடுவில் அது நீர்த்தொட்டியாகத்தான் நிற்கும்.

தெளிப்பானைத் தண்டில் படாமல் திருப்பியபின் இரட்டை வட்டப்பாத்தி அமைக்கப்பட்டது: தண்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி ஓர் உள்வரப்பு, கிளைவிரிவின் விளிம்புக்கு அப்பால் ஒரு வெளிவரப்பு. இரண்டுக்கும் நடுவில் மட்டும் நீர். உள்வட்டம் எப்போதும் காய்ந்திருக்கும்.

எவ்வளவு நீர் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். இரண்டு மீட்டர் கிளைவிரிவுக்குப் பரப்பு 3.1 சதுர மீட்டர். நாளைக்கு 5 மி.மீ. நீர் ஆவியாகும் வெயிலில் எலுமிச்சை வகை அதில் சுமார் 0.65 பங்கு பயன்படுத்தும்: 5 × 0.65 × 3.1, ஏறத்தாழ 10 லிட்டர். வாரத்துக்கு 70 லிட்டர். ஆனால் இந்த மரத்தில் பாதி இலைதான் மிச்சம், எனவே 35 லிட்டரே அதன் தேவை. அதையும் நாளைப் பார்த்து ஊற்றாமல் மண்ணைப் பார்த்து ஊற்ற வேண்டும்: விரலும் குச்சியும் விட்டு மேல்மண் 8 முதல் 10 செ.மீ. காய்ந்திருந்தால் மட்டும். மதிய வாட்டம் நீர் கேட்கும் அடையாளம் என்று நினைப்பதே பலரைத் தடுமாற வைக்கிறது. ஈரமண்ணில் நிற்கும் மரம் மதியத்தில் வாடினால் குடிக்க வேர் இல்லை என்றுதான் பொருள்.

பட்டைச் சிகிச்சைக்கு வறண்ட வெயில்நாள் தேர்ந்தெடுக்க வேண்டும். 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்த கூரிய கத்தியால் பழுப்புப் பட்டையை முழுவதும் சீவி எடுத்து, அதன் விளிம்பைத் தாண்டி 2.5 செ.மீ. நலமான பட்டையையும் சேர்த்து எடுக்க வேண்டும். மனம் வராமல் எல்லையிலேயே நிறுத்துவதுதான் இங்கே நிகழும் பெருந்தவறு. கண்ணுக்குத் தெரியும் பழுப்பைவிடக் கிருமி சற்று முன்னால் போயிருக்கும். மேலும் கீழும் கூம்பி முடியும்படி வெட்டினால் காயம் வேகமாக மூடும். கட்டையைத் தோண்டத் தேவையில்லை. சீவிய துண்டுகளைத் துணியில் பிடித்து அப்புறப்படுத்த வேண்டும், மண்ணில் விழவிடக் கூடாது. காயத்தைச் சில நாள் காற்றில் உலரவிட்டு, பிறகு போர்டோ பசை.

ஒரு மரத்துக்கு ஒரு லிட்டர் பசை தாராளம். 100 கிராம் மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) பொடித்து, நெகிழி வாளியில் அரை லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். இரும்பு, துத்தநாகப் பூச்சுப் பாத்திரங்கள் கூடாது, தாமிரம் அவற்றில் படிந்துவிடும். இன்னொரு வாளியில் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக நீர்விட்டு நீர்க்கச் செய்து அரை லிட்டராக்க வேண்டும். கொதிக்கும், தெறிக்கும்; கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கடையில் கிடைக்கும் நீர்த்த சுண்ணாம்புத் தூளானால் 130 கிராம். ஆறியபின் துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும், சுண்ணாம்பைத் துத்தத்தில் ஊற்றினால் கட்டிகட்டியாகத் திரியும். பளபளப்பான இரும்பு ஆணியை ஒரு நிமிடம் முக்கி எடுத்து, செம்புநிறம் படிந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். கலந்த அன்றே பூசிவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் ஒட்டும் தன்மை குறையும். காயத்திலும் அதற்கு மேல் 45 செ.மீ. வரை தண்டிலும் தூரிகையால் பூசலாம். தார், பெயின்ட், மெழுகு போன்றவற்றால் காயத்தை மூடினால் ஈரம் உள்ளே அடைபட்டு அழுகல் தொடரும்.

பட்டைக்குப் பசை, வேருக்கு உள்பாயும் மருந்து. மெட்டலாக்சில் மண்ணில் ஊற்ற வேண்டியது; அது வேரிலிருந்து மேல்நோக்கி மட்டுமே நகரும். ஃபோசெட்டில் அலுமினியமும் பொட்டாசியம் பாஸ்போனேட்டும் இலையில் பட்டால் கீழ்நோக்கி வேர்வரை போகக்கூடியவை. உறிஞ்சும் வேர் குறைந்த மரத்துக்கு இவையே பொருத்தம். ஆனால் இலை கொஞ்சமாவது இருக்க வேண்டும், மொட்டையான மரத்தில் தெளித்துப் பயனில்லை. இந்த மரத்துக்கு 80 சதவீத ஃபோசெட்டில் அலுமினியம், லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 4 லிட்டர், இலையின் இருபுறமும் நனையும்படி காலையில் தெளிக்கப்பட்டது. ஆறு வாரம் கழித்து மறுமுறை. தாமிர மருந்தோடு இதைக் கலந்தால் இதன் அமிலத்தன்மையில் தாமிரம் அளவுக்கு மீறிக் கரைந்து இலையைக் கருக்கும். போர்டோ தண்டோடு நிற்கட்டும், இலைக்குப் போக வேண்டாம். எலுமிச்சைக்கு அனுமதி உள்ளதா, அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை வாங்கிய மருந்தின் லேபிளில் பார்த்துவிட வேண்டும். அளவில் முரண் இருந்தால் லேபிள் சொல்வதே முடிவு.

காய்களும் பூக்களும் முழுவதும் பறிக்கப்பட்டன. இருக்கிற சர்க்கரை வேருக்குப் போகட்டும். காய்ந்த கிளைகளை உடனே வெட்டவில்லை. நுனிக்கருகல் எங்கே நிற்கும் என்பது புதுத்துளிர் வந்த பிறகுதான் தெரியும், இப்போதே வெட்டினால் ஒன்று அதிகமாக வெட்டுவோம், அல்லது மறுபடி வெட்ட வேண்டிவரும். நகத்தால் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்த்துக் குறித்து மட்டும் வைக்கலாம். இலை கொட்டித் திறந்துபோன தடித்த கிளைகளுக்குச் சமபங்கு நீர் கலந்த வெள்ளை லேட்டக்ஸ் பூச்சு தடவப்பட்டது. வெயிலில் வெந்து பட்டை வெடித்தால் அது இன்னொரு காயம்.

செதில் பூச்சிக்கு எண்ணெய் தெளிக்கும் ஆசையை இப்போது அடக்க வேண்டும். நீர் இழுக்கத் திணறும் மரத்தின் மேல் எண்ணெய்ப் படலம் இலையைக் கருக்கும். தண்டில் அகலமான துணிநாடா சுற்றி அதன்மேல் ஒட்டுப்பசை தடவி எறும்பை நிறுத்தினாலே பொறிவண்டும் குளவியும் திரும்பிவந்து செதிலைக் குறைக்கும். பசையைப் பட்டையில் நேராகத் தடவக் கூடாது, தரையையும் வேலியையும் தொடும் கிளைகளை வெட்டாவிட்டால் எறும்பு அவ்வழி ஏறிவிடும். மரம் தெளிந்தபின் மிச்சமிருந்தால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் 1 மி.லி. திரவ சோப்பும் மாலையில் தெளிக்கலாம்.

மீட்சியும் ஒரு பின்னடைவும்

முதல் மாதத்தில் எதிர்பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இலை உதிர்வது நிற்பது. பழைய மஞ்சள் இலை பச்சையாகத் திரும்பாது. அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று அடுத்த புட்டியை எடுப்பவர்கள் அதிகம். மீட்சியை அளக்கும் இடம் வேர். ஏழாம் வாரத்தில் விளிம்புக் குழியைத் திறந்தபோது வெள்ளை வேர்நுனிகள் தெரிந்தன, அதன்பின்தான் கிளைகளில் துளிர் வந்தது.

பத்தாம் வாரத்தில் கனமழை. வடிகால் வாய்க்காலில் சருகு அடைத்து, தூரில் ஒன்றரை நாள் நீர் நின்றது. இரண்டு வாரம் கழித்துக் காயத்தின் கீழ்விளிம்பில் விரல்நுனி அளவு புதிய பழுப்பும் ஒரு துளிப் பிசினும் வந்தன. அந்த இடத்தை மட்டும் மறுபடி சீவி, உலரவிட்டு, பசை பூசி, ஃபோசெட்டில் ஒருமுறை கூடுதலாகத் தெளிக்கப்பட்டது. நோய்க்கிருமி மண்ணிலிருந்து ஒழிந்துபோவதில்லை. தடித்த சுவருள்ள உறங்குவித்துகளாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆகவே வாய்க்காலை மழைக்கு முன் தூர்வாருவது சிகிச்சையின் நிரந்தரப் பகுதி.

துளிர் இலை விரிந்து பாதி முற்றியதும் முதல் ஊட்டம் இலைவழி கொடுக்கப்பட்டது: லிட்டருக்குத் துத்தநாக சல்பேட் 5 கிராம், நீர்த்த சுண்ணாம்பு 2.5 கிராம். சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் துளிர் கருகும். இரும்புக்கு மண்ணில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) போடுவது 7.9 காரநிலையில் வீண், சில நாளில் கரையாத நிலைக்குப் போய்விடும். கரைந்தே இருக்கும்படி வேறொரு சேர்மத்தோடு பிணைத்த கொடுக்கிணைப்பு இரும்பிலும் ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை காரமண்ணில் நிலைப்பதில்லை. ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகைதான் இந்த மண்ணில் வேலை செய்யும், விலை கூடுதலானாலும். உண்மையில் மண்ணில் காற்றோட்டம் திரும்பியதும் இரும்புக் குறை பாதிக்குமேல் தானாகவே குறைந்துவிட்டது. மெக்னீசியத்துக்கு எதுவுமே தேவைப்படவில்லை.

யூரியா நாலாம் மாதத்தில்தான்: 50 கிராம், அதாவது 23 கிராம் தழைச்சத்து, இரண்டு வரப்புகளுக்கு நடுவில் தூவி நீர்விட்டு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இதே அளவு, துளிர் வரும் பருவத்தில் மட்டும். 5 செ.மீ. தடிமனில் மூடாக்கு, தண்டிலிருந்து 40 செ.மீ. தள்ளியே.

ஓராண்டு முடிவில் காயத்தின் இரு ஓரங்களிலும் காயத்தை மூடும் திரள்தசை உருண்டு உள்நோக்கி வளர்ந்து, சீவிய காயத்தின் அகலம் 5 செ.மீ. குறைந்திருந்தது. காய்ந்த கிளைகள் துளிர்த்த கணுவுக்கு ஒரு செ.மீ. மேலே வெட்டப்பட்டன. ஒட்டுப்பகுதிக்குக் கீழிருந்து முளைத்த இரண்டு போத்துகள் கிள்ளி எறியப்பட்டன. வளரவிட்டால் வேர்ச்செடி மேலோங்கி எலுமிச்சையை நசுக்கிவிடும். அந்த ஆண்டு காய் பிடிக்க விடவில்லை.

அழுகல் பாதியைத் தாண்டியிருந்தால்

மரத்தை வேரோடு எடுத்துவிட வேண்டும், அதே குழியில் உடனே நடக் கூடாது. புது இடத்தில், களிமண்ணானால் தரைக்கு மேல் 30 செ.மீ. உயரமும் ஒன்றேகால் மீட்டர் அகலமுமான மேட்டில், அதே தோட்டத்து மண்ணைக் குவித்து நட வேண்டும். குழியில் மட்டும் செழிப்பான கலவை போட்டால் சுற்றியுள்ள களிமண் நீரை உள்ளேயே பிடித்து வைக்கும். மூவிலை நாரத்தை வேர்ச்செடி இந்த நோயை நன்றாகத் தாங்கும், ஆனால் சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் அதற்கு இரும்புக் குறை கடுமையாக வரும். 7.9 காரநிலையுள்ள இந்த மண்ணுக்குக் கழுத்து அழுகலை ஓரளவு தாங்கும் கசப்பு நாரத்தை மேல், வைரஸ் வாட்டநோய் பரவியிருக்கும் பகுதியாக இல்லாவிட்டால். கன்றின் மண்கட்டி மேட்டின் மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே நிற்கட்டும், மண் அமர்ந்தபின் சரியாகும். ஒட்டுப்பகுதி அப்போதும் 15 செ.மீ. மேலே இருக்கிறதா என்று முதல் மழைக்குப்பின் அளவுகோல் வைத்துப் பார்த்து, தாழ்ந்திருந்தால் அன்றே கன்றைத் தூக்கி நட வேண்டும்.